நிலம் யார் பேரில்?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே பாலக்காட்டுச் சாலையில் போனால் கோபாலபுரத்தில் மாநிலம் மாறுகிறது. தென்னந்தோப்பு அப்படியே தொடர்கிறது, மண் அதே மண், பேச்சும் அதே கொங்குத் தமிழ். மாறுவது காகிதம். சோதனைச்சாவடிக்குக் கிழக்கே இருப்பவர் வீடு கட்டக் கடன் கேட்டால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று வங்கி வரிசையாகக் கேட்கும். மேற்கே இருப்பவர் ஆதாரமும் முன்னாதாரமும், அதாவது பத்திரமும் மூலப்பத்திரமும், எடுத்துவர வேண்டும். வில்லேஜ் ஆபீசில் கரம் (நில வரி) கட்டிய ரசீதும் கைவசச் சான்றும் வாங்க வேண்டும். பெரும்பாலும் எல்லாமே மலையாளத்தில் இருக்கும். வீட்டில் தமிழ் பேசி, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி, சந்தைக்குப் பொள்ளாச்சி போகிற ஒரு குடும்பம், தன் சொந்த மண் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க இன்னொருவர் படித்துச் சொல்லும் வரை காத்திருக்கிறது.

அரசு பின்னால் நிற்கும் வீட்டுக் கடன் எந்த ஊருக்குக் கிடைக்கும், எந்த வீட்டுக்குக் கிடைக்கும் என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. அமெரிக்காவில் 1949இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி கிராமத்தாருக்காகவே எழுதப்பட்டது. விவசாயிகளுக்கு வீட்டுக் கடன் கொடுக்கத் தொடங்கிய திட்டம் பிறகு கிராமவாசிகள் எல்லோருக்கும் விரிந்தது. இன்று அந்நாட்டு வேளாண்மைத் துறை ஒரு வரைபடமே வைத்திருக்கிறது. எந்தப் பகுதி கிராமக் கணக்கில் வரும் என்று யாரும் அதில் பார்த்துக்கொள்ளலாம். வீடு அதற்குள் இருந்து, குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருந்தால் முன்பணம் இல்லாமலே கடன் கிடைக்கும். கடன் திரும்பாமல் போனால் 90 சதவீதம் வரை அரசு பொறுப்பேற்கும்.

அங்கேயும் வரைபடத்துக்குள் இருந்தால் மட்டும் போதவில்லை. தென் மாநிலங்களில் பல கறுப்பினக் குடும்பங்களின் நிலம் உயில் எழுதாமல் இறந்த பாட்டன் பேரிலேயே கிடந்தது. பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதில் பங்கு. எவர் கையிலும் தெளிவான உரிமைப் பத்திரம் இல்லை. உழுதார்கள், வரி கட்டினார்கள், ஆனாலும் வேளாண்மைத் துறையின் கடனுக்கும் உதவிக்கும் வழியில்லாமல் நின்றார்கள். 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம்தான் அவர்களுக்காக ஒரு தனி வாசலைத் திறந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தையே இழந்துவிட்டிருந்தன.

நம் நாட்டில் வட்டி மானியத்தின் கோடு எதிர்த்திசையில் போடப்பட்டது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பம் வாங்கும் கடனில் 6 லட்சம் ரூபாய் வரைக்கும் 6.5 சதவீத வட்டி மானியம் இருந்தது. 20 வருடக் கணக்குக்கு அது ஏறக்குறைய 2.67 லட்சம் ரூபாய். கடன் கணக்கில் முன்கூட்டியே வரவு வைத்தார்கள். வீடு அறிவிக்கப்பட்ட நகரப் பகுதிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோபாலபுரத்துக்கு மேற்கே, கேரளத்தின் சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சிக்குள் வீடு கட்டியவருக்கு அந்த வாசல் திறந்திருந்தது. அதே வட்டத்தில் கிழக்கே தள்ளியிருக்கும் கிராமத்தில், அதே கூலிக்கு வேலை செய்து கட்டியவருக்குத் திறக்கவில்லை. கிராமத்துக்கென்று 2016 டிசம்பர் 31 அன்று பிரதமர் அறிவித்தது 2 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. 2 லட்சத்தில் அடித்தளம் போடலாம், கொஞ்சம் சுவர் எழுப்பலாம், கூரை வராது. கடன் வாங்கவே வழியில்லாதவர்களுக்குக் கிராமப்புற வீட்டுவசதித் திட்டம் தரும் மானியம் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். யாருக்கு என்பதை 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்புப் பட்டியல் முடிவு செய்தது. கணக்கெடுப்பு நாளில் வேலை தேடி வெளியூர் போயிருந்த குடும்பம் பட்டியலுக்கு வெளியே நின்றது.

கேரளம் இதைவிட எவ்வளவோ மேலான வழியைக் கண்டது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் வைக்கும் குறை அந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்த வந்ததல்ல.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை பதவியேற்றது. ஏப்ரல் 11 அன்று குத்தகைக்காரரையும், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிறகு ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டங்கள் நீதிமன்றம் ஏறி இறங்கின. ஆனாலும் 1969இல் திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்தது. குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் வாங்கும் உரிமை கிடைத்தது. சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தின் ஒரு துண்டு. மலபார் நடுவே தனித்துக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்–கொச்சியோடும் 1956இல் கேரளத்தோடும் சேர்ந்தது. அங்கேயும் நெல்வயலின் வரப்போரம் ஆண்டையின் வார்த்தையை நம்பிக் குடியிருந்த மனிதர், 10 சென்ட் நிலத்தில் தன் பேர் எழுதிய காகிதத்தோடு நின்ற காலம் அது. இந்தியாவின் வேறெந்த மாநிலமும் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

1972இல் சி. அச்சுத மேனன் அமைச்சரவையின் வீட்டுவசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 100 வீடு, மொத்தம் ஒரு லட்சம். ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரட்டை வீடுகளை இன்றும் கேரளக் கிராமங்களில் காணலாம். இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. ஆனால் நிலமற்ற கூலிக்காரருக்குக் கூரை தருவது அரசின் கடமை என்ற எண்ணம் அன்று ஊன்றிக்கொண்டது. அந்தக் காலனிகளில் பலவற்றில் ஒரு குறையும் ஊன்றிக்கொண்டது: வீட்டைக் கொடுத்தார்கள், நிலத்தின் பட்டயத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு தலைமுறை கழித்து, ஒழுகும் கூரையை மாற்றக் கடன் கேட்டுப் போன பேரனிடம் வங்கி ஆதாரம் கேட்டபோதுதான் வீடு தன்னுடையது, அடி மண் தன்னுடையதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

2016இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டம் இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டது. வீடு ஒன்றுக்கு 4 லட்சம் ரூபாய், இதுவரை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஏழை தனியாளாக வங்கிப் படியேறவில்லை. மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோவிடம் கடன் வாங்கியது மாநில அரசு நிறுவனம். அதைத் திருப்பிக் கட்டுவது உள்ளாட்சிகளின் திட்ட நிதி. அமெரிக்கா கடன்காரருக்குப் பின்னால் உத்தரவாதமாக நின்றது. கேரளம் தானே கடன்காரராக முன்னால் வந்து நின்றது. 1980களில் மைத்ரி திட்டத்தில் ஏழைகளைக் கடனாளியாக்கி, அவர்களுடைய ஆதாரங்களை வீட்டுவசதி வாரியத்தின் பெட்டியில் பூட்டி வைத்த பழைய வழியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் லைஃப் பட்டியலும் நிலத்திலிருந்துதான் தொடங்குகிறது. பாதியில் நின்ற வீடுகள் முதல் கட்டம், நிலம் இருந்து வீடில்லாதவர்கள் இரண்டாம் கட்டம், இரண்டுமே இல்லாதவர்கள் மூன்றாம் கட்டம். முதல் இரண்டும் வேகமாக ஓடின. மூன்றாவது நொண்டியது, நிலம் உள்ளவர்கள் மனமுவந்து கொஞ்சம் மண் தாருங்கள் என்று அரசே ஓர் இயக்கம் நடத்த வேண்டி வந்தது. தானம் கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஒரு மாநிலத்தின் நிலக் கொள்கை தானத்தில் நிற்க முடியாது.

கோபாலபுரம் பக்கத்தில் நிலம் இருந்தும் தவிப்பவர்கள் உண்டு. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். பாலக்காட்டு வயல்களை மனைகளாக்கி விற்பதைத் தடுத்த சட்டம். வேறு நிலமே இல்லாத வயல் உரிமையாளர் தானே குடியிருக்க வீடு கட்டுவதற்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை அனுமதிக்கவும் அதில் இடமிருக்கிறது. அந்த அனுமதிக்குக் கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்), உள்ளூர்க் கண்காணிப்புக் குழு, மாவட்டக் குழு என்று மனு நடக்க வேண்டும். வயல் ரியல் எஸ்டேட்காரருடையதாக இருந்தால் அதற்கு வக்கீல் நடப்பார். கூலிக்காரருடையதாக இருந்தால் அவரே ஒரு நாள் கூலியை விட்டு நடக்க வேண்டும். மழை மறைவுப் பிரதேசமான கிழக்குப் பகுதியில் வருடக்கணக்கில் நெல்லே விளையாத சில காடுகளும் தோட்டங்களும் பதிவேட்டில் ‘நிலம்’ என்றே, அதாவது நெல்வயல் என்றே, கிடக்கின்றன. பதிவேட்டைத் திருத்தும் வரை வீட்டுக்கு அனுமதி இல்லை, அனுமதி இல்லாமல் கடன் இல்லை.

வங்கிக்கும் தன் கணக்கு உண்டு. கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வழி செய்கிறது. விவசாய நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. விவசாயியைக் காப்பதற்காக வைத்த அந்த விலக்கு, விவசாய நிலத்தில் வீடு கட்ட நினைப்பவருக்கு வங்கி மேலாளர் தயங்கக் காரணமாகவும் ஆகிறது. கூடவே பிரிக்காத பாகம். தாத்தா பேரில் நிலம், பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. அமெரிக்கத் தெற்கில் கண்ட அதே முடிச்சு இங்கேயும் விழுந்திருக்கிறது.

இதையெல்லாம் தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும், சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிய உரிமை. விண்ணப்பப் படிவமும் பயனாளிப் பட்டியலும் தமிழில் ஒட்டப்பட்டால்தான் அது கூலிக்காரருக்குப் பயன்படும்.

இடுக்கிக்குப் போனால் கேள்வி இன்னும் கடினமாகிறது. சித்தூரில் காகிதத்தில் சிக்கல் என்றால், இடுக்கியின் தோட்டத் தமிழருக்குக் காகிதமே இல்லை.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் மூணாற்றின் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காடு தேயிலையாக மாறியது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த மக்களின் உழைப்பால். அவர்களுக்குத் தங்க லயம் கட்டினார்கள். நீளக் கட்டடம், குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையலிடம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்புத் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அன்று அது தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றி. அதே சட்டம் வீட்டை வேலையோடு கட்டியும் போட்டது. வேலை இருக்கும் வரை கூரை. 58 வயதோ 60 வயதோ ஆனதும் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் கூரை நீளும். இல்லையென்றால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே படித்து வேறு வேலைக்குப் போக நினைக்கும் மகளை அம்மாவின் ஓய்வு நாள் திரும்ப இழுக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரேஷன் கார்டு உண்டு, வாக்கு உண்டு, முகவரி உண்டு. ஒரு சென்ட் மண் இல்லை.

குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் கொடுத்த அதே நிலச் சீர்திருத்தம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. தோட்டத்தைத் துண்டாக்கினால் தொழில் போகும், வேலை போகும் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. தேயிலைக் காட்டைக் கூறுபோடாமலே, லயம் நிற்கும் இடத்தில் ஐந்து சென்ட் கொடுத்திருக்கலாமே என்று அன்று உரக்கக் கேட்க மலையில் ஆள் இல்லை. சமவெளிக் கூலிக்காரரின் சங்கம் ஆட்சியில் இருந்தவர்களை உலுக்கியது. தோட்டத்துச் சங்கங்கள் கூலி, போனஸ் என்பதோடு நின்றன. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்த பெண்கள், பெம்பிளை ஒருமை என்று பின்னால் பேர் பெற்றவர்கள், சங்கத் தலைவர்களையும் சேர்த்தே ஒதுக்கி வைத்தார்கள். 20 சதவீத போனசும் 500 ரூபாய்க் கூலியும் அவர்கள் கேட்டவை. லயத்தின் நிலைமையும் அன்று வெளியே வந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் தந்தார்கள். தந்தது நல்லது. நான் கேட்பது வேறு: அரசிடம் குற்றியாற்றில் நிலம் இருந்தது, கம்பெனியிடம் கட்டும் வசதி இருந்தது. மலை சரிவதற்கு முன்னால் இதைச் செய்ய எது தடுத்தது?

பீருமேட்டில் நிலைமை வேறு மாதிரிக் கொடியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மூடப்பட்ட தோட்டங்களில் லயத்தைச் செப்பனிட முதலாளி இல்லை, குடியிருப்பவருக்கு உரிமை இல்லை, உரிமை இல்லாத கட்டடத்துக்குப் பஞ்சாயத்து நிதி போக வழி இல்லை. பணிக்கொடை வராததால் லயத்தை விட்டு இறங்கவும் முடியாமல் ஒழுகும் ஓட்டின் கீழ் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியல் சாதியினருக்கான வீட்டுத் திட்டம் இவர்களுக்கு உதவாதா என்றால், அங்கேயும் ஒரு காகிதம் குறுக்கே நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வகுத்தது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகை கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே மூணாறுத் தோட்டத்தில் ஒரு தலித் குடும்பம் சாதிச் சான்று கேட்டால், 1950க்கு முன்பே முன்னோர் இங்கே இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? கங்காணியின் பேரேடும் கம்பெனியின் பழைய சம்பளப் புத்தகமும்தான் சாட்சி. இரண்டும் தொழிலாளி கையில் இல்லை. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தேர்தலே இந்தச் சிக்கலில் மாட்டி, 2023இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2025இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நிலைபெற்றது. எம்.எல்.ஏ.வுக்கே இந்தப் பாடு என்றால் கொழுந்து பறிப்பவரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முடிச்சைக் கேரள மலை மட்டும் சுமக்கவில்லை. இலங்கையின் மலையகத்தில் லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்ற கொள்கைக்கு வர 150 ஆண்டுக்கு மேல் ஆனது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். மேற்கு வங்க அரசு 2023இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5 டெசிமல், அதாவது 5 சென்ட், பட்டா தர முடிவெடுத்தது. திருநெல்வேலி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024இல் கம்பெனி வெளியேறத் தொடங்கியபோது நாலு தலைமுறை இருந்தவர்கள் எங்கே இறங்குவது என்று கேட்டார்கள். அங்கே காட்டைக் காப்பதா மனிதரைக் காப்பதா என்று வாதம் வளர்ந்தது. இரண்டையும் செய்ய நேரம் 1929இல் குத்தகை எழுதிய நாளிலிருந்தே இருந்தது.

வீடு கட்டுவதைவிட நிலத்தைப் பேருக்கு எழுதுவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. கட்டிய வீட்டுக்குத் திறப்பு விழா உண்டு, பயனாளியின் படம் நாளிதழில் வரும். உரிமைப் பதிவில் அப்படி எதுவும் இல்லை. பழைய வழக்கு, எல்லைத் தகராறு, வனத்துறையின் மறுப்பு என்று பகைதான் மிஞ்சும். 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவை இப்போது ஊர் ஊராக நடக்கிறது. எந்தக் காலனி வீட்டில் எவர் குடியிருக்கிறார், எந்தக் காட்டில் நெல் விளைந்து எத்தனை வருடமாயிற்று என்பதை அளவையாளர் கண்ணால் பார்க்கிறார். அந்த நாளிலேயே கிராம சபையைக் கூட்டி, பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டி, மறுப்பைக் கேட்டு, குடியிருப்பவர் பேரில் எழுதிவிடலாம். வீட்டு நிதிப் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும். மாற்றிச் செய்தால், காகிதம் உள்ளவருக்கு வீடும், இல்லாதவருக்கு இன்னொரு சுற்றுக் காத்திருப்பும்தான்.

2025 நவம்பர் 1 அன்று கேரளம் தீவிர வறுமையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. 64,006 குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுதிய மாநிலம் அது. ஒரு தோட்டத்தில் இந்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர்கள் யார் யார் என்ற பட்டியல் கம்பெனி அலுவலகத்தில் இப்போதே இருக்கிறது. அவர்களைத் தேடக்கூட வேண்டாம்.

சட்டமும் புதிதாக வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைச் சட்டம் கம்பெனி வைத்திருந்த நிலத்தை அரசு மீட்டெடுக்க வந்தது. விவசாயத்துக்கும் உழைக்கும் மக்களின் நலனுக்கும், விவசாயத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கவும் என்றே அதன் நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. தேயிலை நின்ற பகுதி கம்பெனியிடம் இருந்தது, ஒரு பகுதி இரவிகுளம் தேசியப் பூங்கா ஆயிற்று. வரையாடு அங்கே காப்பாற்றப்பட்டது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. மீதியில் குடியிருக்கத் தகுந்த, சரிவில்லாத இடங்களை அளந்து, அடுத்த மார்ச்சுக்குள் ஓய்வு பெறும் தொழிலாளிகள் ஒவ்வொருவர் பேரிலும் ஐந்து சென்ட் எழுதும் உத்தரவைத் தேவிகுளம் சப்-கலெக்டர் அலுவலகத்துக்கு வருவாய்த் துறை இந்த நிதியாண்டிலேயே அனுப்பலாம்.